போர்டு போச்சு என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீர்காழியில் சின்னதாக ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். ஒரு பக்கம் டைப்ரைட்டர், இன்னொரு பக்கம் ஆறு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு எழுதும் பிள்ளைகள் அந்த ஆறில்தான் பழகுகிறார்கள், அதனால் ஒன்று படுத்தாலும் அன்றைய வகுப்பும் படுத்துவிடும். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரி இடிக்கு இரண்டு படுத்தன. அதைப் பற்றியும், அதற்கப்புறம் நான் தெரிந்துகொண்டதைப் பற்றியும் உங்கள் பத்திரிகை வழியாக நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும், இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

எங்கள் தெருவில் அப்போது இன்டர்நெட் வந்தது கம்பத்திலிருந்து மொட்டைமாடி வழியாக இழுத்துவிட்ட செம்புக் கேபிளில். இடி நம் வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை, பக்கத்தில் எங்கேயோ விழுந்தாலே போதும், வெளியில் நீளமாகக் கிடக்கும் அந்தக் கேபிளில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பெரிய மின்னழுத்தம் ஏறிவிடும், ஏறியது நேராகக் கம்ப்யூட்டரில் நெட் வயர் செருகும் லேன் போர்ட்டுக்குத்தான் வரும். காலையில் வந்து பார்த்தால் இரண்டு மெஷினும் ஆன் ஆகின்றன, விண்டோஸ் வருகிறது, பிரிண்டர் ஓடுகிறது, லேன் போர்ட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை.

கடையில் காட்டினேன். பார்த்த பையன் இரண்டு நிமிடத்தில், "மேடம், போர்டு போச்சு, இந்த மாடலுக்கு இப்ப போர்டு கிடைக்காது, புதுசாப் போட்டுடுங்க" என்றார். போர்டு என்றால் எல்லாப் பாகமும் உட்காரும் மதர்போர்டு. புது மெஷின் ஒன்றுக்கு 38,000 ரூபாய் எழுதிக் கொடுத்தார். இரண்டுக்கு 76,000. எனக்கு ஒரு வருஷத்துக் கட்டடவாடகை அது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், லேன் என்பது போர்டோடு சேர்ந்தது, அது போனால் போர்டு போனது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் போர்டில் இருந்த நூற்றுக்கணக்கான பாகங்களில் போனது விரல்நகம் அளவு ஒரு சிப். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. அந்தச் சிப் செய்த வேலையை வேறு ஒன்று செய்தால் போதாதா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் மதர்போர்டிலேயே இருக்கிறது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் போர்டின் கீழ்ப்பாதியில் நீளமாகவும் குட்டையாகவும் சில ஸ்லாட்கள் இருக்கும், நிறைய வீடுகளில் அவை வாங்கிய நாளிலிருந்து காலியாகவே கிடக்கின்றன. கம்ப்யூட்டரில் இல்லாத ஒரு வசதியைச் சேர்க்கவும், செத்துப்போன ஒரு வசதிக்குப் பதில் வேறு வைக்கவும்தான் அந்த ஸ்லாட்கள். 480 ரூபாய்க்கு ரியல்டெக் சிப் வைத்த ஒரு லேன் கார்டு வாங்கினேன், நானே திறந்து செருகினேன், ஸ்குரூ முடுக்கினேன், மூடினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் இரண்டாவது மெஷினுக்கும் ஒன்று. மொத்தச் செலவு 960 ரூபாய். அந்த இரண்டு மெஷினும் இதை எழுதும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எல்லா நேரமும் இப்படி முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேன் சிப்போடு நிற்காமல் இடி உள்ளே போயிருந்தால் மெஷின் ஆன் ஆகாது, அல்லது அடிக்கடி நின்றுபோகும், சில சமயம் அந்தச் செத்த சிப் சூடாகிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் உண்மையிலேயே போர்டு வேலைதான். மற்ற எல்லாம் சரியாக இருந்து லேன் மட்டும் போயிருந்தால் கார்டு போட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் செட்டிங்கில் போய்ப் பழைய லேனை டிஸேபிள் செய்துவிடுங்கள். இன்னொரு விஷயம். கார்டு போட்டு விளக்கும் எரிந்து நெட் வராமல் இருந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு லேன் கார்டுக்கும் மேக் அட்ரஸ் என்று தனி எண் உண்டு, சில கேபிள் நெட்காரர்கள் பழைய எண்ணுக்கு மட்டும்தான் இணைப்பைத் திறந்துவைத்திருப்பார்கள். போன் செய்து புது எண்ணைச் சொன்னால் மாற்றிக்கொடுப்பார்கள். எனக்கு அரை நாள் போனது இதனால்தான்.

இப்போது எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் அந்த வழியாக இடி வருவது குறைந்தது. ஆனாலும் ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் ப்ளக் உண்டு, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது செம்புக் கேபிள்தான், ஆகவே வானம் முழங்கினால் இரண்டையும் கழற்றிவிடுவதே நல்லது.

சரி, ஸ்லாட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். இன்டெல் 1992இல் கொண்டுவந்தது பிசிஐ என்ற ஸ்லாட். பத்து வருஷத்துக்கும் மேல் எல்லா மெஷினிலும் அதுதான், பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். 2003இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு, ஒன்றின் கார்டு இன்னொன்றில் உட்காராது. கடைகளில் பழைய ஸ்டாக்காக இன்னும் பிசிஐ கார்டுகள் கிடக்கின்றன, விலை மலிவு என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். என் மாணவி ஒருத்தியின் அண்ணன் அப்படி வாங்கி வந்து, உட்காரவில்லையே என்று அழுத்தி அழுத்தி ஸ்லாட்டின் ஓரத்தை உடைத்துவிட்டான். கார்டு சரியான ஸ்லாட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்தினாலே இறங்கிவிடும். பலம் காட்ட வேண்டி வந்தால் ஏதோ தப்பு, நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸிலேயே அளவுகள் உண்டு. எக்ஸ் 1 என்பது சுமார் ஓர் அங்குலம், எக்ஸ் 16 என்பது மூன்றரை அங்குலம், நடுவில் எக்ஸ் 4, எக்ஸ் 8. பலருக்கும் தெரியாத ஒன்று, சின்னக் கார்டைப் பெரிய ஸ்லாட்டில் தாராளமாகப் போடலாம். என்னுடைய ஒரு மெஷினில் சின்ன ஸ்லாட்டே கிடையாது, கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட் மட்டும் காலியாக இருந்தது, லேன் கார்டு அதில்தான் இருக்கிறது, ஸ்லாட்டில் முக்கால்வாசி காலியாகத் தெரியும், வேலை முழுசாகச் செய்யும். வேகம் போதுமா என்று கேட்பார்கள். பழைய பிசிஐயில் நொடிக்கு 133 மெகாபைட், அதையும் எல்லாக் கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையில்கூட எக்ஸ் 1க்கு ஒவ்வொரு திசையிலும் தனியாக 250 மெகாபைட். ஒரு ஜிகாபிட் லேனுக்குத் தேவை 125தான். பழைய மெஷின் என்று ஒதுக்கிவைக்கத் தேவையே இல்லை.

வைஃபை கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என்னிடம் வந்து கேட்பவர்களில் அதிகம் பேர் கேட்பது அதைத்தான். வீட்டில் ரவுட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் மாடி அறையில், கேபிள் இழுக்க முடியாது. உடனே 300, 400 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிக் கேபினெட்டின் பின்னால் செருகுகிறார்கள். அதுவும் வேலை செய்யும், மெயில் பார்க்கலாம், விண்ணப்பம் அனுப்பலாம். ஆனால் ஆன்லைன் வகுப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் உறைந்து நின்றால் தப்பு ரவுட்டரிலா டாங்கிளிலா என்று யோசிக்க வேண்டும். அது நகம் அளவு டாங்கிள், ஆண்டெனாவும் அதற்குள்ளேயே. அதைச் சுற்றி இரும்புத் தகடு, பின்னால் சுவர். போதாக்குறைக்கு பக்கத்து யூஎஸ்பி 3 போர்ட்டில் பென்டிரைவ் ஓடினால் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதுவே இரைச்சல் போடும், இன்டெல்லே 2012இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறது. டாங்கிள்தான் இருக்கிறது என்றால் ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள், அதிலேயே பாதிக் குறை தீரும்.

கார்டு போட்டால் வெளியே இரண்டு ஆண்டெனா வரும், 5 கிகாஹெர்ட்ஸும் கிடைக்கும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், 1, 6, 11. அக்ரஹாரத் தெரு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருபது ரவுட்டர் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ளும். 5இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஒரு குறை உண்டு, சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடிச் சுவர் இருக்கும், இரண்டு சுவர் தாண்டினால் 5 மெலிந்துவிடும், அங்கே 2.4தான் கை கொடுக்கும். வாங்கும்போது இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டெனாவை மேசைக்கு அடியில் சுவரைப் பார்த்து விடாதீர்கள், வயரோடு மேசை மேல் வைக்கிற காந்த அடி ஆண்டெனா தனியாகக் கிடைக்கிறது. ஒரு வீட்டில் கார்டை நானே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு வாரம் கழித்து சிக்னலே இல்லை என்று போன். போய்ப் பார்த்தால் துடைக்கும்போது கழற்றிய ஆண்டெனா அலமாரியில் இருக்கிறது. திருகி மாட்டியதும் சரியானது.

வைஃபை கார்டோடு வரும் ஒரு சின்ன வயரை எல்லோரும் டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். கார்டில் ப்ளூடூத் இருந்தால் அந்த ப்ளூடூத் பகுதி பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இல்லை, யூஎஸ்பி வழியாக. அந்த வயரைக் கார்டிலிருந்து மதர்போர்டில் இருக்கும் ஒன்பது ஊசி யூஎஸ்பி ஹெட்டரில் மாட்டினால்தான் ப்ளூடூத் வரும். மாட்டாமல் விட்டுவிட்டு, வைஃபை வருகிறது ப்ளூடூத் வரவில்லை, கார்டு டிஃபெக்ட் என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழி. லேப்டாப்பில் இருக்கும் குட்டி எம்.2 வைஃபை கார்டை ஓர் அடாப்டரில் வைத்து டெஸ்க்டாப்பில் போடலாம், இதுவும் நல்ல வழிதான், ஆண்டெனா வயரின் முனை ஜாக்கெட்டில் வைத்துத் தைக்கிற டிச் பட்டன் மாதிரி இருக்கும், நேராக வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். ஆனால் இன்டெல்லின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்றால் மட்டும் வாங்குங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்பவை பார்க்க அப்படியே இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், அந்த அடாப்டரில் ஓடாது. அவற்றில் வைஃபையின் மூளைப் பகுதி கார்டில் இல்லை, மதர்போர்டில் அதற்கென்று செய்த இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். மாயவரத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பையன் சேர்த்துவைத்த காசில் 201 வாங்கி வந்து, கார்டை ஓட்டும் சாப்ட்வேரான டிரைவரை மூன்று நாள் தேடிக் களைத்துப்போய் என்னிடம் வந்தான். விற்றவர் எங்கேயும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

டிரைவர் பற்றி ஒரு வார்த்தை. கார்டோடு ஒரு குட்டி சிடி கொடுப்பார்கள், இன்றைய மெஷினில் சிடி டிரைவே கிடையாது. நெட்டில் இருந்து இறக்கலாம் என்றால், நெட் வருவதற்குத்தானே கார்டே போட்டோம். உங்கள் செல்போனைச் சார்ஜ் வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்டெல் கார்டில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, டிரைவர் லினக்ஸோடே வருகிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது, 11 என்னுடைய பழைய மெஷின்களை ஏற்கவில்லை, ஆகவே இரண்டில் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். தமிழ்99 விசைப்பலகை அதில் நன்றாகவே ஓடுகிறது.

இப்போது நிறையப் பேர் வாங்குவது ஆபீஸ்களில் ஓடிக் கழிந்த ஒல்லி டெஸ்க்டாப்கள். டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி, லெனோவோ என்று சென்னை ரிச்சி தெருவில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், நல்ல மெஷின்கள், நானே அதில் மூன்று வைத்திருக்கிறேன். அவற்றில் முழு உயரக் கார்டு உள்ளே போகாது. கார்டின் ஓரத்தில் இருக்கும் இரும்புத் தகடு சாதாரணமாக 12 சென்டிமீட்டர், ஒல்லி கேபினெட்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் தகடு வேண்டும். நல்ல கார்டு என்றால் டப்பாவில் இரண்டு தகடும் இருக்கும், இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மாற்றிவிடலாம். வாங்கும் முன் குட்டைத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். தகடே இல்லாமல் கார்டைச் செருகிவிட்டு அப்படியே விட்டவர்கள் உண்டு, ஆண்டெனாவைத் தொட்டால் கார்டு ஆடும், ஒருநாள் ஸ்லாட்டில் ஷார்ட் ஆகும்.

கிராபிக்ஸ் கார்டு பக்கம் நான் அதிகம் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், எக்ஸ் 16 ஸ்லாட் கொடுக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தின்னும் கார்டுக்கு, கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் டப்பாவில் இருந்து தனி வயர் வர வேண்டும். ஒல்லி மெஷின்களில் அந்த வயரே இருக்காது. 30 வாட் எடுக்கும் ஜிடி 1030 மாதிரி சின்னக் கார்டோடு நின்றுகொள்வது நல்லது. போட்ட பிறகு மானிட்டர் வயரைக் கார்டின் போர்ட்டில் மாட்டுங்கள், பழக்க தோஷத்தில் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுத் திரை வரவில்லை என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சீரியல் போர்ட் கார்டு. எங்கள் ஊருக்கு வெளியே நெல் லாரிகளை நிறுத்தும் ஓர் எடைமேடை இருக்கிறது. எடை காட்டும் பெட்டியிலிருந்து ஆர்எஸ் 232 என்ற சீரியல் வயர் வழியாக எண் கம்ப்யூட்டருக்கு வரும், சீட்டு அச்சாகும். பழைய மெஷினை மாற்றியதும் புதியதில் சீரியல் போர்ட் இல்லை. யூஎஸ்பியில் இருந்து மாற்றும் ஒரு வயர் போட்டிருந்தார்கள், அது வேறு போர்ட்டில் செருகப்படும்போதெல்லாம் விண்டோஸ் அதற்கு வைக்கும் காம் எண் மாறிப்போய் சாப்ட்வேர் எடையைப் படிக்காது. அறுவடை நேரம், வெளியே லாரி வரிசை, உள்ளே அந்த அண்ணன் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார். எடைப் பெட்டியோடு மொத்தமாக மாற்ற ஒருவர் லட்சத்துக்கு மேல் கேட்டிருக்கிறார். பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு ஒன்று, ஆயிரத்துச் சொச்சம், போட்டுக் கொடுத்தோம். காம் எண் அதற்கப்புறம் மாறவே இல்லை. பேரலல் போர்ட் கார்டும் இதே மாதிரிதான், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்கும் கடைகளுக்கு இன்றைக்கும் அது தேவைப்படுகிறது. பழைய போர்டில் யூஎஸ்பி 3 கார்டு போடலாம், சிலவற்றுக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ஒரு மின்வயரும் மாட்ட வேண்டும், மாட்டாவிட்டால் ஹார்ட் டிஸ்க் செருகினதும் அறுந்து அறுந்து போகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியையும் கார்டில் வைத்துப் போடலாம், ஆனால் பழைய பயாஸ் பலவும் அதிலிருந்து துவங்காது. அந்த மெஷின்களுக்கு, ஹார்ட் டிஸ்க் வயரிலேயே மாட்டும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும்.

திறக்கப் பயப்படுகிறவர்களுக்காகச் சில வார்த்தைகள். முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பவர் வயரையே பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். கார்டை ஓரத்தில் பிடியுங்கள், தங்கநிறக் கம்பிகளில் விரல் படக் கூடாது. பழைய கார்டு என்றால் அந்தக் கம்பிகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் போடலாம், மெமரி ராமுக்குச் செய்கிற அதே வைத்தியம். கடற்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் இது பாதி நோயைத் தீர்க்கும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் திறக்காதீர்கள், வயரைப் பிடுங்கின பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று சொல்லும் வீடுகள் நிறைய. அது கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை, பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் இரைச்சல் வடிகட்டி கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டது, எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நிற்கும், அளந்து பார்த்தால் பாதி வோல்ட்டேஜ் காட்டும். அந்த நிலையில் கேபிளும் கார்டும் மாட்டினால் போர்ட்டுகள் போகலாம். கரியும் உப்பும் போட்டு வைத்த எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள், வயர்மேனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இதை என் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் சொல்கிறேன்.

கார்டு போடக் கழற்றும் பின்பக்கத் தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். பிற்பாடு கார்டை எடுத்தால் அந்த ஓட்டையை அதே தகட்டால் மூட வேண்டும். திறந்த ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டிக்கொண்டு கருகியதை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். பல்லியும் பாவம், மெஷினும் பாவம்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீஸ்களுக்கும் இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள். இனிப் பயன்படாது என்று கண்டம் செய்து மூலையில் போட்ட மெஷின்களில் எத்தனையில் லேன் மட்டும், ஆடியோ மட்டும், ஒரு யூஎஸ்பி மட்டும் போயிருக்கும். கண்டம் என்று கையெழுத்துப் போடும் முன் எந்தப் பாகம் போனது என்று ஒரு வரி எழுத வேண்டும் என வைத்தால் போதும், பாதி மெஷின் திரும்ப மேசைக்கு வந்துவிடும். ராம் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் புதுசு வாங்குவது யாருக்கும் லேசில்லை. மின்கழிவுக்கு 2022இல் புது விதிகளே வந்திருக்கின்றன, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. அந்த விதி கழிவான பிறகுள்ளதைப் பார்க்கிறது, கழிவாகும் முன் அதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பாடத்தில் சீரியல் போர்ட், பேரலல் போர்ட் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. படம் வரைந்து பாகம் குறிக்கிற பிள்ளைக்குக் கண்டம் செய்த ஒரு கேபினெட்டைக் கொடுத்து, இதைத் திறந்து இந்தக் கார்டைப் போடு என்று ஒரே ஒரு பிராக்டிகல் வைக்கலாமே. என்னிடம் படிக்கும் பெண்பிள்ளைகள் எல்லோரும் செய்கிறார்கள், முதல் நாள் கை நடுங்கும், இரண்டாம் நாள் ஸ்குரூடிரைவரை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன், எந்த ஸ்லாட் காலியாக இருக்கிறது, என்ன கார்டு போடலாம், எவ்வளவு ஆகும் என்று பில் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கான கூலியையும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். உங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு கால் பக்கம் இந்த மாதிரி ரிப்பேர் விஷயங்களுக்கு ஒதுக்கினால் எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்குப் பெரிய உதவி.

பழைய மெஷின்களில் இருந்து கழற்றிய நல்ல நிலையில் இருக்கும் லேன் கார்டு இரண்டும், குட்டைத் தகடு நாலைந்தும், பேரலல் கார்டு ஒன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து அரசுப் பள்ளி எதற்காவது தேவைப்பட்டால் ஆசிரியர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை என்றால் நானே வந்து போட்டும் தருகிறேன்.

இப்படிக்கு,
டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் வாசகி,
சீர்காழி.